தேசி இலைத் தேநீர்

சென்ற வருடம் நோன்புப் பெருநாள் கழிந்த மறுவாரம், எனது இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்த வைத்தியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமீது வைத்துவிட்டு, "இனிமேல் சீனி இல்லை" என்றார். சோற்றைக் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். வட்டிலப்பத்தை மறந்துவிடச் சொன்னார், மறந்ததுபோல் இருக்கிறேன். ஆனால், தேநீரில் சீனி போடக் கூடாது என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

எங்கள் பகுதியைப் பற்றி அறிந்தவர்களுக்கு இதன் கனம் விளங்கும். மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை எந்த வீட்டுக்குப் போனாலும், உட்காரு முன்னரே 'பிளேன்டி' வந்துவிடும். சாயமும் சீனியும் ஒன்றோடொன்று போட்டியிடும் பிளேன்டி அது. விருந்தாளியின் கோப்பையில் சீனியைக் குறைப்பது அவரது மரியாதையைக் குறைப்பதற்குச் சமம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தி தேடி அலைந்தவன் நான். அமைச்சர் வீட்டிலும் மீனவர் வாடியிலும் குடித்த இனிப்புத் தேநீரின் கணக்கைத்தான் அந்த அறிக்கை எனக்குக் காட்டியிருக்க வேண்டும்.

சில வாரங்கள் சீனியற்ற பிளேன்டியைக் கசாயம்போல் விழுங்கினேன். அப்போதுதான் கட்டாரில் பணிபுரியும் மருமகன் விடுமுறையில் வந்தார். எனது நிலையை மகள் தொலைபேசியில் சொல்லியிருப்பாள் போலும். பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாக ஒரு கறுப்பு டின்னை எடுத்து நீட்டினார்.

"மாமா, இதுக்குச் சீனி தேவப்படாது. குடிச்சிப் பாருங்க."

டின்னைத் திருப்பிப் பார்த்தேன். ஏர்ல் கிரே. அடியில் சிறிய எழுத்தில், இலங்கையில் பொதி செய்யப்பட்டது என்றிருந்தது. எங்கள் மலைநாட்டில் கொழுந்தாகப் பறிக்கப்பட்டு, டின்னில் அடைபட்டுக் கப்பலேறி, டோஹாவில் விலைக்கு வாங்கப்பட்டு, விமானத்தில் கட்டுநாயக்கவில் வந்திறங்கி, இரவு பஸ்ஸில் கல்முனைக்கு வந்து சேர்ந்திருக்கிறது! வெளிநாடு போய் வந்தவர்களுக்குரிய மரியாதையோடு என் மனைவி அதனைக் கண்ணாடி அலுமாரியில் வைக்கப் பார்த்தார். நான் விடவில்லை.

மூடியைத் திறந்தபோது இரண்டு விடயங்கள் என்னை நிறுத்தின. ஒன்று, உள்ளே இருந்தது இலை. சிரிக்காதீர்கள். இந்நாட்டில் விளையும் தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்றுமதியாகிறது. எங்கள் கடைகளுக்குப் பெரும்பாலும் வருவது 'டஸ்ட்' எனப்படும் தூள். விரைவாகச் சாயம் இறங்கும். நிறம் கடுமையாக இருக்கும். துணிப்பையில் போட்டுக் கொதிநீர் ஊற்றிப் பத்துப் பேருக்கு ஆற்றிக் கொடுக்க அதைவிடத் தோதானது வேறில்லை. கடைத் தேநீரை நான் குறை கூறமாட்டேன். ஆனால், சுருண்டு கிடக்கும் இலை வெந்நீரில் மெல்ல மெல்ல விரிவதை எழுபது வயதில்தான் நிதானமாக உட்கார்ந்து பார்த்தேன்.

மற்றது, அதன் வாசம். அந்த வாசத்தை எனக்குத் தெரியும். முன்பொருமுறை அதனைக் குடித்திருக்கிறேன். அது எங்கே என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஏர்ல் கிரேயின் வாசம் பெர்கமொட் என்னும் பழத்தின் தோலிலிருந்து எடுக்கப்படும் எண்ணெயினுடையது. தோடை, தேசி வகையைச் சேர்ந்த அப்பழம் பெரும்பாலும் இத்தாலியின் தென்முனையிலுள்ள கலாப்ரியாவில் விளைகிறது. 1830களில் பிரித்தானியப் பிரதமராயிருந்த கிரே பிரபுவின் பெயர் இதற்கு எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு. எந்தக் கதைக்கும் சான்று கிடையாது. செய்தி ஆசிரியராக இருந்திருந்தால் எல்லாவற்றையும் வெட்டியிருப்பேன். பெர்கமொட்டுக்கு மணமூட்டும் லினலூல் என்ற பொருள் தேயிலையிலும் இயற்கையாகவே இருக்கிறது. இரண்டும் சண்டையின்றி ஒத்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

தேயிலைக்கு இன்னொரு குணமும் உண்டு. பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் வாசத்தை அது வாங்கிக்கொள்ளும். இதை நான் புத்தகத்தில் படிக்கு முன்னரே எங்கள் உம்மா சட்டமாக்கி வைத்திருந்தார். தேயிலை டின்னைக் கருவாட்டுப் பானையின் அருகில் வைக்கக் கூடாது. சவர்க்காரத்தோடு ஒரே பையில் போட்டுக் கடையிலிருந்து கொண்டுவரக் கூடாது. ஒருமுறை நான் இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்ததால், அந்த மாதம் முழுவதும் வீட்டில் சவர்க்காரத் தேநீர் குடித்தோம். எறிந்துவிடும் வசதி அன்று எங்களுக்கு இருக்கவில்லை.

அதே குணத்தை உம்மா நல்ல வழியிலும் பயன்படுத்தினார். பெருநாள் வட்டிலப்பத்துக்கு ஏலக்காயை உரித்தால், அரிசியை எடுத்துக்கொண்டு கோதுகளைத் தேயிலை டின்னுக்குள் போட்டுவிடுவார். பெருநாள் முடிந்து பல நாட்களுக்குப் பிறகும் தேநீரில் பெருநாள் இருக்கும். மாரி மழைக்கு ஒரு துண்டுக் கறுவா. சளி பிடித்தால் தட்டிய இஞ்சி. சீனர்கள் மல்லிகைத் தேயிலை செய்வதும் இதே தத்துவத்தில்தான். இரவில் விரியும் மொட்டுகளைத் தேயிலையோடு கலந்து வைத்து, மணம் ஏறியபின் பூக்களை அகற்றி, தேயிலையை மீண்டும் உலர்த்துகிறார்கள். உயர்ந்த ரகத்துக்கு இதைப் பலமுறை திரும்பச் செய்வார்களாம். இன்று சந்தைக்கு வரும் வாசனைத் தேயிலைகளில் பெரும்பாலானவற்றுக்கு வாசனைச் சாரத்தைத் தெளித்துக் கலந்துவிடுகிறார்கள். அன்னாசி, ஸ்ட்ரோபெரி, கரமல் என்று மருமகன் பட்டியல் சொன்னார். அவற்றில் ஒன்றைக் குடித்தும் பார்த்தேன். டொபி ஊறிய வெந்நீர். அதற்குமேல் எழுதி யாருடைய வியாபாரத்தையும் கெடுக்க விரும்பவில்லை.

வாசம் சேர்க்காமலே வாசமுள்ள தேயிலையும் உண்டு. அதில் எங்கள் கரைக்கும் ஒரு தொடர்பு இருப்பது பலருக்குத் தெரியாது. கச்சான் என்றவுடன் வறுத்த கடலையை நினைப்பவர்கள் நினைக்கட்டும். நான் சொல்வது கச்சான் காற்றை. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து, சூடேறி, கிழக்கே இறங்குகிறது. எங்களுக்கு அது வாய் வறளும் காலம். கிணறு இறங்கும், முற்றத்து மணல் கண்ணுக்குள் வரும், உம்மா கதவுகளைச் சாத்திவிட்டுக் காற்றைத் திட்டுவார். இதே காற்றுத்தான் வழியிலே ஊவாவின் தேயிலைத் தோட்டங்களையும் உலர்த்திவிட்டு வருகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான அந்த வறட்சியில் தேயிலைச் செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சில வாசப் பொருட்களை அதிகமாகச் சுரக்கிறது. மெதைல் சலிசிலேற் அவற்றுள் ஒன்று. நோவெண்ணெய்த் தைலங்களில் வீசும் குளிர்ந்த வாசம் அதனுடையதுதான். ஊவாத் தேயிலை உலகச் சந்தையில் பெயர் பெற்றது இந்தப் பருவத்து வாசத்தினால். நாங்கள் திட்டித் தீர்த்த காற்றைக் கொழும்பில் ஏலம் போட்டு விற்றிருக்கிறார்கள்! உம்மா இருந்திருந்தால் சொல்லிச் சிரித்திருப்பேன்.

இப்போது அந்தப் பழைய வாசத்துக்கு வருகிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கடல் எங்கள் கரையில் என்ன செய்தது என்பதை நான் மீண்டும் விவரிக்கத் தேவையில்லை. இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு எனக் கரையோரம் முழுவதும் தமிழரும் முஸ்லிம்களும் வேற்றுமையின்றி மாண்டார்கள். எனது வீடு பிரதான வீதிக்கு மேற்கே இருந்ததால் நாங்கள் தப்பினோம். தப்பியவன் என்பதால் கையில் குறிப்பேட்டோடு நடந்தேன்.

மூன்றாம் நாள் என்று நினைவு. ஒரு பாடசாலையில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தங்கியிருந்தன. வகுப்பறைக்கு வகுப்பறை போய்ப் பெயர், வயது, இழந்தோர் தொகை என எழுதிக்கொண்டிருந்தேன். தொலைபேசி இணைப்புகள் அறுந்து கிடந்தன. செய்தி அனுப்ப வேண்டுமானால் அம்பாறை நகருக்குப் போகும் ஒரு நிவாரண வாகனத்தைப் பிடித்தாக வேண்டும். வாகனம் வாசலில் நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.

கட்டட மூலையில், மூன்று செங்கற்களின்மேல் வெறும் பால்மா டின்னில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார் ஒரு வயதான பெண்மணி. அவரருகே குந்தி, "உம்மா, உங்கட வீட்டுல எத்தின பேர்?" என்று கேட்டேன். நான் கேட்டது மௌத்தானவர்களின் தொகையை. அவர் பதில் சொல்லவில்லை. நிவாரணப் பொதியில் வந்த தேயிலையைக் கொதிநீரில் போட்டார். எழுந்து போய், பாடசாலை வேலியோரம் நின்ற தேசி மரத்திலிருந்து இரண்டு இலைகளைக் கிள்ளி வந்தார். அவற்றைக் கையால் கசக்கி டின்னுக்குள் போட்டு, பிளாத்திக்குக் கோப்பை ஒன்றில் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"சீனி இல்ல மகன். வாசமாவது இருக்கட்டும்."

அந்தக் குடும்பத்துக்கு அந்த ஒரு கோப்பைதான் இருந்ததென்பதைப் பக்கத்தில் காத்திருந்த இரண்டு பிள்ளைகளின் கண்களிலிருந்து தெரிந்துகொண்டேன். வாங்காமல் விடுவதா, வாங்கிக் குடிப்பதா? வாங்கினேன். பாதி குடித்தேன். ஹோர்ன் மீண்டும் கேட்டது. கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு, "போய்ட்டு வாறன் உம்மா" என்று ஓடினேன்.

செய்தி மறுநாள் பத்திரிகையில் முதற் பக்கத்தில் வந்தது. அதில் எண்கள் இருந்தன. தங்கியிருந்தோர் தொகை, தேவையான பொருட்கள் எல்லாம் சரியாக இருந்தன. தேசி இலை இருக்கவில்லை. அது செய்தியல்ல என்று எனக்கு நானே தீர்ப்பு வழங்கியிருந்தேன். சில கிழமைகள் கழித்து அந்தப் பாடசாலைக்குப் போனேன். வகுப்புகள் தொடங்கியிருந்தன. அங்கிருந்தவர்களைப் பல இடங்களுக்கு மாற்றியிருந்தார்கள். பெயரைக் கேட்டால் தேடித் தரலாம் என்றார் ஒருவர். இழந்தோர் தொகையைக் கேட்டவன், அவரது பெயரைக் கேட்டிருக்கவில்லை.

இருபது ஆண்டுகளாக நான் இதை எழுதவில்லை. மருமகனின் டின்னைத் திறந்தபோது எழுந்த வாசம் அதுதான். பெர்கமொட்டும் தேசி இலையும் ஒன்றல்ல என்று நாக்குக்குத் தெரிகிறது. மூக்கு கேட்பதாக இல்லை. முதல் நாள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். "சரியில்லையா?" என்று மனைவி கேட்டார். நல்லாயிருக்கு என்றேன்.

2022இல் பால்மா விலையேறி, கடைகளில் பால்தேநீர் ஒரு கோப்பை நூறு ரூபாவைத் தொட்டபோது ஊரே பிளேன்டிக்குத் திரும்பியது. முந்தைய ஆண்டின் இரசாயன உரத் தடையால் தேயிலை விளைச்சலும் வீழ்ந்திருந்தது. அந்நாட்களில் எங்கள் தெருவில் பலர் இஞ்சியும் கறுவாவும் போட்டுச் சமாளித்தார்கள். அப்போது எனக்குச் சீனி இருந்தது. ஆகவே வாசத்தைத் தேடவில்லை.

டோஹா டின் மூன்று மாதத்தில் தீர்ந்தது. இன்னொன்று அனுப்பட்டுமா என்று மருமகன் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். பதுளைப் பக்கமிருந்து தெரிந்தவர் ஒருவர் மூலம் இலைத் தேயிலை வரவழைத்து, அதே டின்னில் கொட்டி, பச்சைத் தேசி இலைகளைப் போட்டு மூடிவைத்தேன். ஒரு வாரத்தில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. ஈரம் தேயிலைக்கு எதிரி என்பதை எத்தனை முறை படித்தும் கைக்கு வரவில்லை. அரைக் கிலோ தேயிலை வீண். மனைவி ஒன்றும் சொல்லாமல் டின்னைக் கழுவி வெயிலில் கவிழ்த்தார். அவர் ஒன்றும் சொல்லாததுதான் பெரிய வசவு.

இப்போது முறை தெரிந்துவிட்டது. தேசிக்காயின் பச்சைத் தோலை, உள்ளிருக்கும் வெள்ளைச் சதை ஒட்டாமல், மெல்லியதாகச் சீவ வேண்டும். அந்த வெள்ளை சேர்ந்தால் கசக்கும். நிழலில் வைத்து, விரலால் ஒடித்தால் முறியும்வரை உலர்த்தித் தேயிலையோடு கலந்து, இறுக மூடிப் பத்து நாள் விட வேண்டும். ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி. நன்கு கொதித்த நீர். மூடி வைத்து நான்கு நிமிடம். கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினால் வாசம் ஆவியோடு போய்விடும், சாயம்தான் மிஞ்சும். பச்சை இலை டின்னுக்குள் போகக் கூடாது. கோப்பைக்குள் போகலாம், ஊற்றும்போது ஒன்றைக் கசக்கிப் போட்டால் போதும்.

அஸர் தொழுதுவிட்டு வந்ததும், பின்வாசல் படியில் அமர்ந்து குடிக்கிறேன். எங்கள் தேசி மரத்தின் கீழ்க்கிளைகள் மொட்டையாகிவிட்டன என்று மனைவி முறையிடுகிறார். காய்க்க வேண்டிய மரத்தை இலையாகவே குடித்துத் தீர்க்கிறேனாம். மேல்கிளைக்கு எட்ட ஏணி வேண்டும். இந்த வயதில் ஏணியில் ஏறுவதை வைத்தியர் இன்னும் தடைசெய்யவில்லை, மனைவி தடைசெய்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பேரப்பிள்ளை வந்தால் நான்கு இலை பறித்துத் தருவான். அவனுக்கும் ஒரு கோப்பை ஊற்றுவேன், சீனி போட்டு.