பட்டை வளையட்டும், சேசிஸ் வளையக் கூடாது

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையோரத்தில் இருக்கிறது அந்தப் பட்டறை. தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த மண்தரை, சுவரோரம் சாய்த்து வைத்த பழைய ஸ்பிரிங் பட்டைகள். நான் போன அன்று ஒரு பழைய மகிந்திரா ஜீப் சக்கரங்கள் இல்லாமல் மரக்கட்டைகளின் மேல் நின்றது. பாடியைத் தனியே இறக்கி வைத்திருந்தார்கள்.

வண்டிக்காரர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு கிராமத்துக்காரர். குச்சிக்கிழங்கு மூட்டை, மளிகைச் சரக்கு, பிரசவத்துக்குப் போகும் பெண்கள் என எல்லாம் ஏறி இறங்கிய ஜீப். இப்போது இடப்பக்கம் சாய்ந்து ஓடுகிறது. வளைவில் திரும்பினால் கதவு தானாகத் திறந்துகொள்கிறது. பட்டையும் அடிக்கடி உடைகிறது. பக்கத்துக்கு ரெண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்தால் போதும் என்பது அவர் எண்ணம்.

மேஸ்திரி தலையசைத்து மறுத்தார். “பட்டை சேத்தா பட்டை ஒடையாது தம்பி, சேசிஸ் ஒடையும்.”

இந்தத் தொழிலின் சூத்திரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கும் அடியை வண்டியில் ஏதாவது ஒன்று வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கி வளைந்து நிமிர்வதற்காக வைத்தது பட்டை. அதை விறைப்பாக்கிவிட்டால் அதே அடி பட்டையைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும், அங்கிருந்து சேசிஸுக்கும் போகும். சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், வளைவதற்காகச் செய்யப்பட்டது அல்ல. அது விரிசல் விடும்.

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் உருவான ஜீப்பை 1940களின் இறுதியில் மும்பையில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டத் தொடங்கியது மகிந்திரா. பிறகு எத்தனையோ மாடல்கள் வந்தன. பழைய ஜீப்புகளின் அடிப்படை மட்டும் பல பத்தாண்டுகள் மாறவில்லை: நீளவாக்கில் இரண்டு இரும்புச் சட்டங்கள், அவற்றைக் குறுக்கே பிணைக்கும் சட்டங்கள், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். எளிய அமைப்பு என்பதால்தான் கம்பெனி கைவிட்ட வண்டிகளும் கல்வராயன் மலையில் இன்னும் ஓடுகின்றன.

ஓடும் இடம் சாதாரணமானதல்ல. 2000 முதல் 3000 அடி வரை உயர்ந்து, 1,095 சதுர கிலோமீட்டர் பரந்த மலை. 1976 வரை ஜாகிர்தார்கள் என்ற நிலக்கிழார்களின் பிடியில் இருந்தது; சாலை தாமதமாகத்தான் வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இம்மலை மக்களின் நிலை குறித்து வழக்கெடுத்தபோது, சாலையும் போக்குவரத்தும் அதில் முக்கியக் கேள்விகளாயின. தார் முடிகிற இடத்திலிருந்து கிராமம் வரை போவது ஜீப்பும் பிக்கப்பும்தான்.

பட்டறையில் முதல் வேலை அளவு. சேசிஸின் குறிப்பிட்ட துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்தார்கள். எதிரெதிர் புள்ளிகளை மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்தார்கள். இரண்டு நீளமும் ஒத்துப்போனால் சட்டம் கோணாமல் இருக்கிறது. ஒத்துப்போகாவிட்டால் ஒரு பக்கம் முன்னே தள்ளியிருக்கிறது. கதவு ஏன் திறந்துகொள்கிறது என்பதற்கு விடை அந்த நூலிலேயே கிடைத்தது.

பின்பக்கப் பட்டை பிராக்கெட்டின் ஓரத்தில் கம்பிப் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்ததும் மயிரிழை விரிசல் தெரிந்தது. உடனே வெல்டிங் வைக்கவில்லை. விரிசல் முடியும் நுனியில் சின்னதாக ஒரு துளை போட்டார் வெல்டர். நுனி கூராக இருக்கும்வரை அழுத்தம் அங்கேயே குவிந்து விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும். வட்டத் துளை அதைப் பரப்பி நிறுத்திவிடும். பிறகு கிரைண்டரில் விரிசலை வாய்க்கால் போட்டு, பற்றவைத்து, மேலே ஒட்டுத்தகடு. தகட்டின் இரு முனைகளும் சாய்வாக வெட்டியிருந்தன. நேராக வெட்டி சட்டத்தின் குறுக்கே ஒரே கோட்டில் வெல்டிங் ஓட்டினால், அந்தக் கோட்டிலேயே அடுத்த முறிவு வரும்.

சேசிஸை விறைப்பாக்குவது அடுத்த கட்டம். ஜீப்பின் நீளச் சட்டம் பெரும்பாலும் மூன்று பக்கம் மூடி ஒரு பக்கம் திறந்தது. திறந்த பக்கத்தைத் தகடால் மூடிவிட்டால் முறுக்கைத் தாங்கும் திறன் பல மடங்கு கூடும். நம்ப முடியாதவர்கள் ஒரு காலி ஊதுவத்திப் பெட்டியை முறுக்கிப் பார்க்கலாம். பிறகு ஒரு விளிம்பில் நீளவாக்கில் கீறிவிட்டு மறுபடி முறுக்கலாம். மேஸ்திரி முழு நீளத்தையும் மூடவில்லை. பிராக்கெட்டுகளை ஒட்டிய பகுதிகளை மட்டும் மூடி, அடியில் தண்ணீர் வடியத் துளை விட்டார். துளை இல்லாத பெட்டிக்குள் மழைத்தண்ணீர் தங்கினால் துரு உள்ளிருந்தே தின்றுவிடும்.

1964இல் வந்த பான்டியாக் ஜிடிஓ போன்ற அமெரிக்க மசில் கார்களைப் பிரியத்தோடு வைத்திருப்பவர்கள் செய்வதும் இதே வேலைதான். தனிச் சேசிஸ் உள்ள கார்களில் சட்டத்தை மூடுவார்கள். பாடியே சேசிஸாக இருக்கும் முஸ்டாங் போன்றவற்றில், முன்சட்டத்தையும் பின்சட்டத்தையும் இணைத்து அடியில் இரும்புக் குழாய் பற்றவைப்பார்கள். அங்கே எஞ்சினின் விசை காரை முறுக்குகிறது. இங்கே பாறையும் மூட்டையும்.

சம்மட்டிச் சத்தம் கேட்டுப் பின்கட்டுக்குப் போனேன். கழற்றிய பட்டைகளில் தளர்ந்தவற்றுக்கு வளைவு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பட்டையின் குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி, நடுவில் இடைவெளி விட்ட இரும்புக் கட்டையின் மேல் ஒருவர் பிடித்துக்கொள்ள, இளைஞர் ஒருவர் அடிக்கிறார். ஒவ்வோர் அடிக்கும் பட்டை விரலளவு நகர்கிறது. வளைவு ஓரிடத்தில் குவியாமல் நீளம் முழுக்கச் சீராக வர வேண்டும். அடுத்த பட்டையோடு சேர்த்துப் பிடித்து இடைவெளியில் வெளிச்சம் பார்க்கிறார்கள்.

சில இடங்களில் பட்டையை உலையில் சிவக்கக் காய்ச்சி வளைக்கிறார்கள். வேலை சுலபம், ஆயுள் குறைவு. ஸ்பிரிங் எஃகில் கார்பனோடு சிலிக்கானும் கலந்திருக்கும். ஆலையில் சுமார் 850 முதல் 900 டிகிரி வரை காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, மறுபடி மிதமாகச் சூடேற்றிப் பதம் வைக்கிறார்கள். அந்தப் பதத்தை உலை கலைத்துவிடும். தானாக ஆறவிட்ட பட்டை சீக்கிரம் தளரும். தண்ணீரில் போட்டது ஒரே குழியில் முறியும். இந்த மேஸ்திரி காய்ச்சாமல் அடிப்பதை மட்டுமே நம்புகிறார். முறிந்த மெயின் பட்டையை வெல்டிங் வைக்கச் சொன்னால் வண்டியையே திருப்பி அனுப்பிவிடுவாராம்.

பட்டைகளுக்கு நடுவே கிரீஸ் தடவி, சென்டர் போல்ட் போட்டு அடுக்கினார்கள். ஷேக்கிள் புஷ் எல்லாம் புதிது. பட்டையை அச்சோடு இறுக்கும் யு போல்ட்டும் புதிது; ஒருமுறை முறுக்கிய யு போல்ட் நீண்டுவிட்டிருக்கும், அதன் பிடி திரும்ப வராது. பட்டை பெரும்பாலும் சென்டர் போல்ட் துளையில்தான் முறிகிறது. யு போல்ட் தளர்ந்தால் அந்த இடம் அசைய ஆரம்பிக்கும். துளையால் ஏற்கெனவே பலவீனமான இடம் அது.

வேலை செய்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெல்டருக்குக் கறுப்புக் கண்ணாடி மட்டுமே காப்பு. சில இரவுகள் கண் உறுத்தித் தூக்கம் போய்விடும் என்றார். சம்மட்டிக்காரரிடம் காதடைப்பான் இல்லை. கடையில் புதுப் பட்டை செட் கிடைப்பதால் வளைவு ஏற்றும் வேலை குறைந்துவருகிறது. பழகிக்கொள்ள வரும் பையன்களும் குறைவு.

சட்டமும் நினைவில் இருக்கட்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் தந்த மூல விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பழுது பார்ப்பது வேறு, வண்டியை வேறொன்றாக்குவது வேறு. சேசிஸை நீட்டுவது, உயர்த்துவது போன்ற வேலைகளுக்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

மலையில் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு மேஸ்திரி சொல்லி அனுப்பியதையே நானும் சொல்கிறேன். பட்டை வேலை முடிந்து சில நாள் பாரத்தோடு ஓட்டியபின் யு போல்ட்டை மறுபடி முறுக்குங்கள். மழைக்காலத்துக்கு முன் பிராக்கெட் ஓரங்களில் துருவைத் தேய்த்து விரிசல் பாருங்கள். பட்டை அடிக்கடி உடைந்தால் பட்டையைக் கூட்டாதீர்கள், பாரத்தைக் குறையுங்கள்.