முழமும் மாத வாடகையும்

நிலக்கோட்டைச் சந்தையிலிருந்து வரும் மல்லிகை மொட்டுகளைத் தொடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் எங்கள் பங்கில் பல உண்டு. அவற்றுள் ஒன்றின் தலைவி, பதினைந்து ஆண்டுகளாகத் திண்ணையில் நடத்திய தொழிலைப் பேருந்து நிலையத்தருகே ஒரு கடைக்கு மாற்ற விரும்பினார். முன்பணம் கொடுப்பதற்கு முன் என்னைக் காண வந்தார். "சாமி, கடை எடுக்கலாமா?" என்றார்.

வணிகம் நான் கற்ற கலையன்று. ஆயினும் இருவருமாக ஒரு தாளில் கணக்கெழுதினோம். பூ எடையில் வாங்கப்பட்டு முழத்தில் விற்கப்படுகிறது. காலையில் வாங்கிய மொட்டு மாலையில் விரிந்துவிடும். மறுநாள் அதற்கு விலையில்லை. திண்ணையில் மீந்த பூ அன்றைய நட்டத்தோடு போகும். கடையிலோ அதன்மேல் வாடகையும் மின்கட்டணமும் ஏறும். பனிக்காலத்தில் வரத்து குறைந்து, ஒரு கிலோ மல்லிகை ஆயிரங்களைத் தொடும். கோடையில் பூ குவிந்து விலை சரியும். ஆடியிலும் மார்கழியிலும் தவக்காலத்திலும் மணமாலை கேட்போர் அரியர். வாடகைக்கோ ஆடியும் இல்லை, மார்கழியும் இல்லை, தவக்காலமும் இல்லை. மாதம் பிறந்தால் வாசலில் வந்து நிற்கும்.

இவையனைத்தும் அவர் அறிந்தவையே. அவரைத் திகைக்க வைத்தது 'கூலி' என்னும் ஒரு வரி. அண்டை வீட்டுப் பெண்கள் இருவருக்கும் தொடுத்த அளவுக்குக் கூலி கொடுத்துவந்தார். மாமியாருக்கும் மகளுக்கும் தமக்கும் எவ்வளவு? அதை அவர் ஒருநாளும் எழுதியதில்லை. இலாபம் என்று அவர் எண்ணியிருந்ததில் பெரும்பகுதி, அம்மூவருக்கும் கொடுக்கப்படாத கூலியே.

வீடு மறைப்பதைக் கடை வெளிப்படுத்திவிடுகிறது. மகள் தேர்வெழுதச் சென்றால் அவளிடத்தில் அமர்பவருக்குக் கூலி தந்தாக வேண்டும். கடைப் பணியாளர்க்கு அமர இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழகத்தில் சட்டமே திருத்தப்பட்டது. திண்ணையில் முதுகு வலிக்க அமர்ந்திருக்கும் மூதாட்டிக்கு எந்தச் சட்டம் உண்டு?

அவர் மூன்று மாதங்கள் பொறுத்தார். ஐவரின் கூலியையும் நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதினார். மீந்தது சிறிதே, ஆயினும் அது மெய்யான இலாபம். பேருந்து நிலையக் கடையின் வாடகையை அது தாங்காது எனக் கண்டு, ஒரு தையற்கடையின் முன்பகுதியைக் குறைந்த வாடகைக்கு எடுத்தார். விற்பனை அங்கே, தொடுப்பது இன்றும் திண்ணையிலேதான். முதல் சனிக்கிழமை கூலியை நீட்டியபோது மாமியார், "எனக்கா?" என்று கேட்டாராம்.

இட்லி மாவு அரைப்போரும் துணி தைப்போரும் ஊறுகாய் போடுவோரும் நம் இல்லங்கள்தோறும் இருக்கிறார்கள். அத்தொழில்கள் கடைவீதிக்கு வருவது நன்றே. ஆனால் முன்பணத்தை எண்ணுவதற்கு முன், வீட்டில் கூலியின்றி உழைக்கும் கைகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாகாதா?