கற்பனை ஊருக்கும் ஒரு கேஸ் ஷீட் வேணும்

1/ வழக்கமா சுகர், பிரஷர் பத்தி எழுதுற நான் இன்னைக்கு ஒரு விளையாட்டைப் பத்தி எழுதுறேன். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் பசங்க மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுவாங்களே, அந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வகை.

2/ ஒருத்தர் கதையை நடத்துவார். அவர்தான் கேம் மாஸ்டர். மற்றவங்க ஆளுக்கொரு பாத்திரம். கதை நடக்கும் கற்பனை ஊரை விவரிக்கத் தனிப் புத்தகங்களே உண்டு. எது நல்ல புத்தகம்? என் அளவுகோல், நைட் டியூட்டியில் கைக்கு வரும் கேஸ் ஷீட்.

3/ ராத்திரி 2 மணி. நோயாளிக்கு மூச்சு வாங்குது. அவரை முன்பின் பார்க்காத டியூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டைத் திறக்கிறார். என்ன நோய், என்ன மருந்து போகுது, எது மோசமாகலாம், யாரைக் கூப்பிடணும்? இதெல்லாம் உடனே கண்ணில் படணும்.

4/ விளையாட்டிலும் அதேதான். "இந்தத் தெருவில் திருட்டு நகையை யார் வாங்குவா?"ன்னு கேட்டா 10 விநாடியில் பதில் வேணும். ராஜவம்சத்தின் பத்துத் தலைமுறை வரலாறு அப்போ உதவாது.

5/ அதுக்காகப் பெரிய புத்தகம் மோசம்னு இல்லை. மான்டி குக் 2006ல் எழுதிய 'டோலஸ்' 600 பக்கத்துக்கும் மேல. ஆனா சுற்றுலாக் கையேடு மாதிரி அமைப்பு. ஒரு பெயர் வந்தா, அவரைப் பத்தின விவரம் எந்தப் பக்கம்னு ஓரத்திலேயே இருக்கும்.

6/ ஜான் ஹார்ப்பரின் 'பிளேட்ஸ் இன் தி டார்க்' (2017) நேர் எதிர். டோஸ்க்வோல் நகரில் 12 பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் செல்வம், பாதுகாப்பு, ரவுடிகளின் பிடி, அமானுஷ்யம் என நாலு மதிப்பெண். கட்டில் ஓரம் தொங்கும் சார்ட் மாதிரி, பார்த்ததும் புரியும்.

7/ இன்னொன்று. அங்கே ஒவ்வொரு கும்பலுக்கும் ஒரு நோக்கம் உண்டு. அதுக்கு ஒரு வட்டம் வரைஞ்சு, துண்டு துண்டா நிரப்பிட்டே வருவாங்க. யாரும் தலையிடலைன்னா வட்டம் நிரம்பும், காரியம் முடியும். சிகிச்சை தராத நோய் தன் போக்கில் போற மாதிரி. ஊருக்கு உயிர் வருவது இதனாலதான்.

8/ இதெல்லாம் ஏன் முக்கியம்? எங்க குழுவில் அஞ்சு பேர். டியூட்டி, குழந்தைகள், வயசான அப்பா அம்மா எல்லாம் போக, மாசத்துக்கு ஒரு ஞாயிறு, 3 மணி நேரம்தான் கிடைக்கும். அதில் அரை மணி நேரம் புத்தகம் புரட்டுவதிலேயே போனா, எல்லார் கையிலும் போன் ஏறிடும். அடுத்த மாசம் ஒருத்தர் வர மாட்டார். நாற்பது வயசுக்கு மேல நட்பு கரைவது சண்டையால் இல்லை, இப்படித்தான்.

9/ வாங்கும் முன் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்க. இங்கே யாருக்கு என்ன வேணும்? குறுக்கே நிற்பது யார்? நாம இன்னைக்கே உள்ளே போனா என்ன நடக்கும்? மூணுக்கும் பதில் இருந்தா தைரியமா வாங்கலாம்.