நாசகாரி காத்த உயிர்கள்

மேட்டுப்பாளையத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்குப் பவானி ஆறு தெரியும், நீலமலை தெரியும், கடல் தெரியாது. கோவை ரெட்ஃபீல்ட்ஸில் இந்தியக் கடற்படையின் பயிற்சி நிலையமான ஐ.என்.எஸ். அக்ரணியைப் பேருந்திலிருந்து காணும்போதெல்லாம், "கடலில்லாத ஊரில் கடற்படையா?" என்று சிரிப்போம்.

நாங்கள் எட்டாம் வகுப்பு படித்தபோது அச்சிரிப்பு நின்றது. 2024 ஜனவரி 4 அன்று, சோமாலியாவிற்கு அப்பால் 'லீலா நார்ஃபோக்' என்ற சரக்குக் கப்பலில் ஆயுதம் தாங்கியவர்கள் ஏறிவிட்டனர். அதிலிருந்த 21 பேரில் 15 பேர் இந்தியர். எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை அதே கடலில் வேறொரு சரக்குக் கப்பலில் பணியில் இருந்தார். மறுநாள் அவள் உணவுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. ஆறுதல் சொல்லத் தெரியாத நாங்கள், அவளை மாதா கெபிக்கு அழைத்துச் சென்று செபமாலை சொன்னோம்.

அன்று மாலையே நற்செய்தி வந்தது. 'ஐ.என்.எஸ். சென்னை' விரைந்து சென்று அக்கப்பலை மறித்தது. கடற்படை அதிரடி வீரர்கள் ஏறித் தேடினர். கொள்ளையர் எவரும் இல்லை. பாதுகாப்பு அறையில் ஒளிந்திருந்த 21 பேரும் நலமாக மீண்டனர்.

நம் தலைநகரின் பெயரைத் தாங்கிய இப்போர்க்கப்பல், மும்பை மசகான் கப்பல் தளத்தில் கட்டப்பட்டு, 2016 நவம்பர் 21 அன்று கடற்படையில் சேர்ந்தது. நீளம் 164 மீட்டர். எடை சுமார் 7,500 டன். மணிக்கு 55 கிலோமீட்டருக்கும் மேல் செல்லும். நம் மலை ரயில் உதகைக்கு ஏறச் சுமார் 5 மணி நேரம் எடுக்கும் 46 கிலோமீட்டரை, இது ஒரு மணி நேரத்திற்குள் கடந்துவிடும்! பிரம்மோஸ் ஏவுகணைகளும் இதில் உண்டு.

இவ்வகைக் கப்பலுக்குத் தமிழில் 'நாசகாரி' என்று பெயர். அப்பெயர் பொய்யன்று. 1982 மே 4 அன்று, ஃபாக்லாந்து போரில், பிரிட்டனின் 'ஷெஃபீல்டு' என்ற நாசகாரியை ஒரே ஓர் ஏவுகணை தாக்கியது; 20 பேர் மாண்டனர். அவர்களுக்காகவும் வீடுகளில் யாரேனும் உண்ணாமல் காத்திருந்திருப்பார்கள் அல்லவா? ஆனால் அன்று 'சென்னை' ஓர் ஏவுகணையும் செலுத்தாமல் 21 குடும்பங்களின் கண்ணீரைத் துடைத்தது. ஆயுதத்திற்கு இரக்கம் தெரியாது. அதை ஆளும் மனிதருக்குத்தான் தெரிய வேண்டும்.

தோழியின் தந்தை விடுமுறையில் நலமாக வீடு திரும்பினார். இப்போது அவளோ கடற்படையில் சேர்வேன் என்கிறாள். 2022 முதல் பெண்களும் கடற்படை வீரர்களாகச் சேர்க்கப்படுகிறார்கள். "ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர் கடலுக்கா?" என்று அவள் அம்மா கண் கலங்குகிறார். அம்மாவின் அச்சமும் நியாயம். மகளின் ஆசையும் நியாயம். எப்பக்கம் பேசுவதென்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை.

ஆனால் ஒன்று உறுதி. அக்ரணியைக் கடக்கும்போது நாங்கள் இப்போது சிரிப்பதில்லை. கடலில் இருக்கும் அனைவரும் கரை சேர, கடலின் விண்மீனாகிய அன்னையிடம் ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொள்கிறோம்.