வெலோஸியோவின் மேடு

பிரான்ஸ் தேசம் என்றால் நம்மவர்களுக்குப் பாரிஸ் நகரமும் ஐஃபல் கோபுரமுமே நினைவுக்கு வரும். இன்னும் சற்று விஷயம் தெரிந்தவர்கள் ஆல்ப்ஸ் மலையின் பனிச் சிகரங்களைச் சொல்வார்கள். ஸேந்த் எத்தியேன் என்ற ஊரைப் பார்க்க வேண்டுமென்று புறப்படுகிறவர்கள் மிகச் சிலரே. லியோன் மாநகருக்குத் தென்மேற்கே, ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஊர் அது. அழகுக்குப் பேர் போன ஊர் அன்று. நிலக்கரி வெட்டிய ஊர். துப்பாக்கி செய்த ஊர். பட்டு நாடா நெய்த ஊர். பிரான்சின் முதல் ரயில் பாதை 1827-ஆம் ஆண்டில் இங்கிருந்து நிலக்கரி சுமப்பதற்காகவே திறக்கப்பட்டது. கூரியோ என்னும் சுரங்கம் 1973-ல் மூடப்பட்டு, பிறகு பொருட்காட்சிசாலையாயிற்று. சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய கழிவு மண் அதன் பக்கத்தில் இரண்டு குன்றுகளாக நிற்கிறது. அவற்றின்மேல் இப்போது செடியும் மரமும் முளைத்திருக்கின்றன.

ஆயினும், சைக்கிளில் ஊர் சுற்றுவதில் ஆசையுள்ளவர்களுக்கு ஸேந்த் எத்தியேன் ஒரு க்ஷேத்திரம். இந்நகரத்துக் கலை-கைத்தொழிற் காட்சிசாலையில் பட்டு நாடா, ஆயுதம், சைக்கிள் ஆகிய மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிறார்கள். 'இதென்ன பொருத்தம்?' என்று வியக்க வேண்டியதில்லை. துப்பாக்கிக் குழல் கடையத் தெரிந்த கைக்குச் சைக்கிள் குழாய் பொருத்துவது பெரிய காரியமா? 1885-ல் ஏற்பட்ட ஒரு பெருங் கம்பெனி துப்பாக்கியும் சைக்கிளும் சேர்த்தே செய்து, 'தகைவிலான் குருவி' என்று பொருள்படும் 'இரோந்தேல்' என்ற பெயரில் வண்டிகளை நாடெங்கும் அனுப்பிற்று. அந்தத் தொழிற்சாலை 1980-க்களில் கதவை அடைத்துவிட்டது. தொழில் போயிற்று, ஆனால் இவ்வூரில் பிறந்த ஓர் எண்ணம் போகவில்லை. அதன் கதையைச் சொல்லவே இக்கட்டுரை.

பட்டு வியாபாரி

போல் த விவி என்பவர் 1853-ல் தென் பிரான்சில் பிறந்தவர். ஸேந்த் எத்தியேனில் பட்டு வியாபாரம் செய்து வந்தார். 1881-ல் ஒரு சைக்கிள் வாங்கினார். முன் சக்கரம் ஆளுயரம், பின் சக்கரம் சாண் உயரம் என்றிருந்த காலத்து வண்டி அது. அன்று பிடித்த மோகம் விடவில்லை. பட்டு வியாபாரத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, 1887-ல் ஒரு சைக்கிள் கடையும் ஒரு பத்திரிகையும் ஆரம்பித்தார். பத்திரிகையில் அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'வெலோஸியோ'. உலகம் அவரை அந்தப் பெயராலேயே அறியும்.

மாமிசம் உண்ணாதவர், எஸ்பெராண்டோ பாஷையில் பற்றுள்ளவர். நெடுந்தூரம் சைக்கிளில் போகிறவர்களுக்கு அவர் சில விதிகள் வகுத்தார். பசி வருமுன் உண்ண வேண்டும், தாகம் வருமுன் குடிக்க வேண்டும். வழியில் புலாலும் மதுவும் புகையும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வீண் பெருமைக்காக வண்டி மிதிக்கக் கூடாது என்பன அவ்விதிகளிற் சில.

அவர் காலத்துச் சாலைகள் தார் காணாதவை. சரளைக் கல்லும் புழுதியும் மாரிக் காலத்தில் சேறுமாகக் கிடந்தவை. ஊரைச் சுற்றியோ மலை. ஆதலால் அவர் இரண்டு காரியங்களை ஓயாமல் வற்புறுத்தினார். ஒன்று, டயர் அகலமாகவும் மெத்தென்றும் இருக்க வேண்டும். மற்றொன்று, மேட்டுக்கு ஒரு பல்சக்கரம், சமவெளிக்கு ஒரு பல்சக்கரம் என்று வண்டியிலே மாற்றிக்கொள்ள வசதி வேண்டும்.

இன்று இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அன்று இது பெரிய சண்டையாக மூண்டது. பின்னால் பிரான்ஸைச் சுற்றிவரும் பந்தயத்தை நடத்தப் போகும் ஆன்ரி தேகிராஞ்ஜ் என்பவர், பல்சக்கரம் மாற்றுவதெல்லாம் நாற்பத்தைந்து வயது தாண்டினவர்களுக்கே தகும் என்று 1902-ல் தம் பத்திரிகையில் பரிகசித்தார். யந்திரத்தின் தந்திரத்தால் வெல்லாமல் தசையின் வலிமையால் வெல்ல வேண்டுமென்பது அவர் கட்சி. அவருடைய பந்தயத்தில் சங்கிலி மாற்றும் கருவி 1937 வரை விலக்கப்பட்டிருந்தது. வெலோஸியோ அதைப் பார்க்கவில்லை. 1930-ல், தமது எழுபத்தாறாவது வயதில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவைக் கடக்கும்போது டிராம் வண்டி மோதி உயிர் நீத்தார்.

சண்டையின் உட்பொருள் என்ன? சைக்கிள் யாருக்காக என்பதுதான். பந்தய வீரர் சிலருக்காகவா? அல்லது, ஞாயிற்றுக்கிழமை மலைக்கு அப்பாலுள்ள ஊரைப் பார்த்துவர ஆசைப்படும் குமாஸ்தாவுக்கும் உபாத்தியாயினிக்கும் நரைத்த தலையினருக்கும் ஆகவா?

வண்டி கட்டுவோம்

ஸேந்த் எத்தியேனுக்குத் தெற்கே பிலா என்ற மலைப் பிரதேசம் இருக்கிறது. நகரிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் ஏறினால் 1,161 மீட்டர் உயரத்தில் 'குடியரசுக் கணவாய்' வரும். வெலோஸியோ ஓயாமல் ஏறி இறங்கிய மேடு அது. வாருங்கள், நாமும் ஏறிப் பார்ப்போம்! கணவாய் வரையில் நல்ல தார்ச்சாலை. அதற்குமேல் காட்டுப் பாதை. சரளை, ஈர மண், வேர், கூழாங்கல் எல்லாம் உண்டு. இரண்டுக்கும் ஒரே வண்டி வேண்டும். இத்தகைய வண்டியைத்தான் இக்காலத்தில் 'ஆல்-ரோட்' வண்டி, அதாவது எல்லாச் சாலைக்கும் ஏற்ற வண்டி, என்கிறார்கள். அதை எப்படிக் கட்டுவது?

முதலில் சட்டம். மெல்லிய எஃகுக் குழாயாக இருந்தால் போதும். விலை உயர்ந்த பொருள் வேண்டியதில்லை. ஆனால் டயருக்கும் சட்டத்துக்கும் இடையே தாராளமான இடைவெளி இருக்க வேண்டும். டயரின் இரு பக்கமும் ஒரு விரலாவது நுழையாவிட்டால், சேறு அப்பிக்கொண்டு சக்கரம் நின்றுபோகும். மட்கார்டு மாட்டவும், சாமான் கட்டும் கேரியர் மாட்டவும் துளைகள் இருக்க வேண்டும். வேறு குறை எதையும் பிறகு திருத்திக்கொள்ளலாம். சட்டத்தில் இல்லாத இடத்தைப் பிறகு உண்டாக்க முடியாது.

அடுத்து சக்கரம். இங்கே ஓர் அழகான கணக்கு இருக்கிறது. பந்தய வண்டியின் ரிம், டயர் உட்காரும் இடத்தில் 622 மில்லிமீட்டர் குறுக்களவு உள்ளது. அதில் 23 மில்லிமீட்டர் டயர் போட்டால் மொத்தம் 668. பிரெஞ்சுப் பிரயாணிகள் விரும்பிய '650 பி' என்ற சக்கரத்தின் ரிம் 584 மில்லிமீட்டர். அதில் 42 மில்லிமீட்டர் அகலமுள்ள தடித்த டயர் போட்டாலும் மொத்தம் அதே 668! டயர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அகலமானாலும் சக்கரத்தின் உயரம் மாறுவதில்லை. மிதியின் உயரமும், வண்டி திரும்பும் இலேசும் கெடுவதில்லை. இந்த அளவு 1980-க்களில் அநேகமாக மறைந்து, 2000-க்குப் பிறகு அமெரிக்காவிலும் மற்ற இடங்களிலும் உயிர்த்தெழுந்திருக்கிறது.

மூன்றாவது பல்சக்கரம். முன்னே 46, 30 பற்களுள்ள இரண்டு. பின்னே 11 முதல் 34 பல் வரையுள்ள அடுக்கு. மிகச் சிறிய கூட்டில், அதாவது முன்னே 30, பின்னே 34-ல், மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி 1.85 மீட்டர் நகரும். நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஆறரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல். நடப்பதைவிடக் கொஞ்சம் வேகம். எத்தனை செங்குத்தானாலும் இறங்கித் தள்ளாமல், மூச்சு வாங்காமல் ஏறலாம். தேகிராஞ்ஜ் பரிகசித்தது இதைத்தான்!

பிரேக்குகள் தட்டு வகையாக இருப்பது நல்லது. ரிம்மைக் கவ்வும் பிரேக் ஈரத்திலும் சேற்றிலும் வழுக்கும். தட்டு பிரேக்குக்கு அந்தச் சிரமம் குறைவு. கைப்பிடி பந்தய வண்டியைப் போல் வளைந்திருக்கலாம். ஆனால் கீழ்ப்பக்கம் சற்று வெளியே விரிந்திருந்தால் கல் பாதையில் பிடிப்பு உறுதியாயிருக்கும்.

காற்றின் ரகசியம்

உறுப்புக்களைப் பூட்டிவிட்டால் வண்டி தயாராகிவிட்டதென்று நினைக்கக் கூடாது. வீணையைச் செய்வது ஒன்று, சுருதி கூட்டுவது வேறொன்று அல்லவா?

ஆசனத்தின் உயரத்தை முதலில் பார்ப்போம். மிதி அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். இடுப்பு ஒருபுறம் சாயக் கூடாது. பிறகு வழக்கம்போல் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். அதுவே சரியான உயரம்.

காற்றுதான் உயிர்நாடி. டயரைக் கல்லைப் போல் இறுக்கினால்தான் வண்டி வேகமாக ஓடும் என்பது வெகு காலத்து நம்பிக்கை. குறுகிய பந்தய டயரில் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்கு மேலேயே அடித்து வந்தார்கள். வழவழப்பான இரும்பு உருளையின்மேல் சோதித்தால் அது உண்மைபோலத் தோன்றும். ஆனால் சாலை உருளை அன்று. கரடுமுரடான பாதையில் இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் வண்டியையும் மனிதனையும் தூக்கிப் போடுகிறது. அப்படி அதிரும் தசைகளில் நம் சக்தியே வீணாகிறது. மெத்தென்ற டயரோ கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு முன்னே செல்கிறது. வெலோஸியோ அநுபவத்தில் கண்ட இதனை, இந்த நூற்றாண்டில் சாலையிலேயே செய்த பரிசோதனைகளும் உறுதிப்படுத்தியிருக்கின்றன.

எவ்வளவு காற்று வேண்டும்? ஆள் ஏறி உட்கார்ந்ததும் டயரின் உயரம் நூற்றில் பதினைந்து பங்கு அமுங்கினால் சரி என்று ஒரு விதி உண்டு. வண்டியும் ஆளும் சேர்ந்து 80 கிலோகிராம் இருந்தால், 42 மில்லிமீட்டர் டயருக்குப் பின்னே சுமார் 40 பவுண்டும் முன்னே சுமார் 35 பவுண்டும் போதும். பின் சக்கரத்தின்மேல் பாரம் அதிகமாதலால் இந்த வித்தியாசம். காட்டுப் பாதை வந்ததும் இரண்டிலும் ஐந்து பவுண்டு குறைத்துவிடலாம். ட்யூப் இல்லாமல், உள்ளே பால் போன்ற திரவம் ஊற்றிய டயரானால் முள் குத்தின துளையைத் திரவமே அடைத்துவிடும்.

மேட்டின்மேல்

இனிப் புறப்படுவோம். டிராம் மணியோசை பின்தங்குகிறது. 1881 முதல் இந்நகரில் டிராம் ஓடிக்கொண்டிருக்கிறது. வீடுகள் குறைந்து, வளைவுகள் ஆரம்பிக்கின்றன. பிளான்ஃபுவா என்ற கிராமத்தைத் தாண்டினால் பள்ளத்தாக்கும் நகரமும் கீழே தெரியும். பிறகு தேவதாரு இனத்து மரங்கள் இருபுறமும் அடர்ந்து நிழல் தருகின்றன. இக்கணவாய்க்குப் 'பெருவனக் கணவாய்' என்றும் பெயர் உண்டு.

1903-ல் நடந்த முதலாவது பிரான்ஸ் பந்தயமே இவ்வழியாகத்தான் சென்றது. அடுத்த ஆண்டு, தங்கள் ஊர்க்காரன் ஜயிக்க வேண்டுமென்று ஒரு கூட்டம் இங்கே இருளில் மறைந்திருந்து மற்றப் பந்தயக்காரர்களை அடித்தது! வீண் பெருமைக்காக மிதிக்காதே என்று உபதேசித்தவரின் நினைவுக்கல்லும் இதே கணவாயில் நிற்கிறது. அவருடைய அன்பர்கள் வயது வித்தியாசமின்றிக் கூடி இம்மேட்டில் ஏறும் விழா 1922-ல் தொடங்கிப் பல்லாண்டு நடந்தது.

கணவாயில் தாருக்கு விடை கொடுத்து, காற்றைச் சற்றுக் குறைத்துக் காட்டுக்குள் திரும்புவோம். சரளை சலசலக்கிறது, வண்டி தயங்கவில்லை. கிழக்கே 'கௌதாரி முகடு' என்று பொருள்படும் சிகரம், 1,400 மீட்டருக்கு மேல். அதன் சரிவுகளில் பாறைத் துண்டுகள் ஆறுபோல் சிதறிக் கிடக்கின்றன. வானம் தெளிந்த நாளில் ரோன் நதிப் பள்ளத்தாக்குக்கு அப்பால் ஆல்ப்ஸ் மலை வெண்கோடாகத் தெரியும். பந்தய வண்டி இங்கே வராது. மோட்டாரில் வருகிறவர்க்கு இந்த அமைதி கிட்டாது.

நமக்கு என்ன?

நம் பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய கறுப்பு வண்டியை நினைத்துப் பார்ப்போம். அம்பத்தூரில் 1949-ல் சைக்கிள் தொழிற்சாலை நிறுவப்பட்டபோது நாடு அறிந்திருந்த வண்டி அதுவே. அதன் ரிம் 635 மில்லிமீட்டர். டயர் ஒன்றரை அங்குலம். சட்டம் நீண்டு சாய்ந்தது. அமைப்பு ஆங்கிலேயருடையதாயினும், மோசமான சாலைக்கென்று ஏற்பட்டது. வண்டிப் பாதையிலும் வரப்போரத்திலும் ஓடிற்று. குறை ஒன்றுதான். முன்னே 44 பல்லும் பின்னே 18 பல்லுமாக இருந்தால் மிதி ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் போகும். மேடு வந்தால் இறங்கித் தள்ளுவது தவிர வேறு வழி இல்லை. கொல்லிமலையின் எழுபது வளைவுகளை அதில் ஏற யார் துணிவார்?

இப்போது நம் இளைஞர்கள் கடையில் முதலில் தேடுவது பந்தய வீரர் ஏறும் வண்டியை. குறுகிய டயர், குனிந்த முதுகு, கடினமான பல்சக்கரம்! வாங்கி ஒரு மாதத்தில் முதுகு வலிக்கிறது, டயர் வெடிக்கிறது, வண்டி திண்ணையில் சாய்கிறது. பிழை வண்டியினுடையது அன்று. அது எவருடைய சாலைக்கோ, எவருடைய தேகத்துக்கோ செய்யப்பட்டது.

வண்டியை வாங்குமுன் நம் ஊர்ச் சாலையை ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். தார் எங்கே முடிகிறது, மணல் எங்கே தொடங்குகிறது, மேடு எவ்வளவு, நம் முழங்காலுக்கு என்ன வயது என்று கணக்கெடுக்க வேண்டும். அதற்கேற்ற டயரையும் பல்லையும் கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். நிலக்கரிப் புகைக்கு நடுவே ஒரு பட்டு வியாபாரியைப் பார்த்தும் அப்படித்தான் சிரித்தார்கள்.