குத்தாமல் பார்த்தவர்

எசுத்தரின் நீர்ப்பகுப்பு என்பது உயர்தர இரசாயனவியலில் நாங்கள் பாடமாக்கி, வினாத்தாளில் எழுதிவிட்டு மறந்துபோகும் ஒரு தாக்கம். அதை வைத்துக்கொண்டு ஒருவர் உயிருள்ள நரம்புக்கலத்துக்குள் விளக்கேற்றினார் என்று வாசித்தபோது என்னால் நம்ப முடியவில்லை. அவர் ரொஜர் சியென்.

1952இல் அமெரிக்காவில், சீனக் குடும்பமொன்றில் பிறந்தவர். ஆஸ்துமாவால் வெளியே ஓடியாட முடியாத பிள்ளை. வீட்டுக்குள்ளேயே நிறம் மாறும் இரசாயனங்களோடு பொழுதைப் போக்கியிருக்கிறார். பிறகு கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்தார். அக்காலத்தில் ஒரு நரம்புக்கலத்தின் வேலையை அறிய, மெல்லிய கண்ணாடி மின்வாயை அதற்குள் குத்த வேண்டும். ஆயிரம் கலங்கள் சேர்ந்து வேலை செய்வதை அப்படி எப்படிப் பார்ப்பது? நரம்புக்கலம் தூண்டப்படும்போது அதற்குள் கல்சியம் அயன்கள் கூடும். ஆகவே கல்சியத்தோடு சேர்ந்ததும் ஒளிர்வு மாறும் சாயமொன்றைச் செய்யப் புறப்பட்டார்.

சிக்கல் என்னவென்றால், மறை ஏற்றமுள்ள அந்தச் சாயம் கலமென்சவ்வைத் தாண்டாது. 1981இல் அவர் வெளியிட்ட வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏற்றமுள்ள இடங்களை எசுத்தராக்கி மூடிவிட்டார். மூடிய சாயம் மென்சவ்வினூடாக நழுவி உள்ளே போகும். அங்கே கலத்தின் சொந்த நொதியங்களே எசுத்தரை வெட்டிவிடும். ஏற்றம் திரும்ப வரும். சாயம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். கலத்தைக் குத்தவே தேவையில்லை!

"டொக்டருக்குப் படிக்காம ஆராய்ச்சிக்குப் போனா ஆருக்கு மகள் பிரயோசனம்?" என்று வாப்பா கேட்டபோது இதைத்தான் சொன்னேன். வாப்பாவுக்குச் சீனி வருத்தம். கணையத்தின் பீற்றாக் கலத்திலும் கல்சியம் கூடும்போதுதான் இன்சுலின் சுரக்கிறது. சியெனின் ஃபியூரா-2 என்ற 1985ஆம் ஆண்டுச் சாயத்தால் அதையும் பார்க்கிறார்கள். வாப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சம்பளம்?" என்றார்.

அங்கேதான் எனக்கும் பயம். 1997இல் சியெனும் சகாக்களும் ஜெலிமீனின் பச்சைப் புரதத்திலிருந்து வந்த புரதங்களைக் கொண்டு, கலம் தானே செய்துகொள்ளும் கல்சிய உணரியை உருவாக்கினார்கள். பச்சைப் புரத ஆய்வுக்காக 2008இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். ஆனால் அப்புரதத்தின் பரம்பரையலகைப் பிரித்தெடுத்து அவருக்குக் கொடுத்தவர் டக்ளஸ் பிராஷர். பண உதவி கிடைக்காமல் அந்த ஆய்வை விட்டவர். பரிசு அறிவிக்கப்பட்டபோது அலபாமாவில் கார் விற்பனை நிலையமொன்றின் வானை ஓட்டிக்கொண்டிருந்தார். வாப்பாவிடம் இதையும் மறைக்கவில்லை.

2012இல் சியென் அவருக்குத் தனது ஆய்வுகூடத்திலேயே வேலை கொடுத்தார்.