77-ஆம் நம்பர் சட்டை

விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒருவன் தானாகவே காப்பி கலந்துகொண்டு வந்து நம்மை எழுப்பினால், அதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறதென்று அர்த்தம். 2025-ஆம் வருஷம் ஜூன் 26-ந் தேதி நம் சகோதரியின் குமாரன் அப்படித்தான் செய்தான். அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கத்தார் புதிய ஆட்டக்காரர்களைத் தெரிந்தெடுக்கும் வைபவம் தொடங்கப் போகிறதாம். நியூயார்க்கில் அப்போது முதல் நாள் இரவு எட்டு மணி. "மாமா, டல்லாஸ்தான் முதலில் எடுக்கப் போகிறது, வாருங்கள்!" என்றான்.

இந்தத் தெரிவுக்கு 'டிராப்ட்' என்று பெயர். பணமுள்ளவன் மேலும் பணம் சேர்ப்பதை அந்தத் தேசத்தார் ஒரு குற்றமாகக் கருதுவதில்லை. ஆனால் கூடைப்பந்தில் மாத்திரம் ஏழைக்குத்தான் முதல் பந்தி! சென்ற வருஷம் மோசமாகத் தோற்ற கோஷ்டிகள் முன்னதாக ஆள் எடுக்கலாம். இந்தச் சலுகைக்காகச் சிலர் வேண்டுமென்றே தோற்கக்கூடும் என்ற சந்தேகம் வலுக்கவே, 1985 முதல் குலுக்கல் வைத்துவிட்டார்கள். 14 பந்துகளைப் போட்டு நாலை எடுக்கிறார்கள். ஆயிரம் சேர்க்கைகளில் டல்லாஸுக்கு உரியவை 18 தான். அந்தப் பதினெட்டில் ஒன்றுதான் 2025 மே மாதத்தில் விழுந்தது.

நம் பையன் குதித்ததற்குக் காரணம் உண்டு. நான்கு மாதமாக அவன் துக்கம் காத்துக் கொண்டிருந்தான். லூகா டான்சிச் என்னும் ஸ்லொவீனிய நாட்டு இளைஞர் டல்லாஸ் கோஷ்டியை 2024-ல் இறுதிப் பந்தயம் வரையில் கொண்டு சென்றவர். வயது இருபத்தைந்து. அவரை 2025 பிப்ரவரி தொடக்கத்தில், ஒரு நள்ளிரவில், லாஸ் ஏஞ்சல்ஸ் கோஷ்டிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்! பதிலுக்கு வந்தவர்களில் முக்கியமானவர் ஆந்தனி டேவிஸ். நல்ல ஆட்டக்காரர், ஆனால் ஆறு வயது மூத்தவர். மறுநாள் காலையில் நம் பையன் டான்சிச்சின் 77-ஆம் நம்பர் நீலச் சட்டையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தான். அன்று அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

ஏப்ரலில் டான்சிச் எதிர்க் கோஷ்டியின் ஆளாக டல்லாஸுக்கு வந்தார். அவருடைய பழைய ஆட்டங்களைத் திரையில் காட்டினார்கள். மனிதர் துண்டால் முகத்தைத் துடைத்துக் கொண்டு அழுதார். பிறகு எழுந்து போய் 45 புள்ளிகள் எடுத்தார்!

"இதெல்லாம் வியாபாரம், மாமா" என்று பையன் பெரிய மனிதனைப் போல் சொன்னான். நாம் ஒப்பவில்லை. 2010-ல் லெப்ரான் ஜேம்ஸ் தாமாகவே கிளீவ்லாந்தை விட்டு மயாமிக்குப் போனபோது, ஜனங்கள் அவருடைய சட்டைகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். ஆட்டக்காரன் போனால் துரோகம், முதலாளி அனுப்பினால் வியாபாரமா? இந்தத் தராசில் கோளாறு இருக்கிறது. 2025 கோடையில் கெவின் டூரன்ட் பீனிக்ஸிலிருந்து ஹூஸ்டனுக்குப் போன மாற்றலில் ஏழு கோஷ்டிகள் சம்பந்தப்பட்டிருந்தன. நம் வீட்டில் கல்யாணத்துக்குக்கூட இரண்டு கட்சிதான்.

கூப்பர் பிளாக்கின் பெயரை அறிவித்தார்கள். மெயின் மாகாணத்துப் பிள்ளை, வயது 18, நம் பையனுக்கும் அதே பிராயம். அப்போது இவன் எந்த ஊர்க் கல்லூரியில் இடம் கிடைக்குமோ என்று காத்திருந்தான். ஆயினும், இவனாவது தனக்குப் பிடித்த கல்லூரிகளை வரிசைப்படுத்தி எழுதிக் கொடுக்கலாம். பிளாக்கை யாரும் கேட்கவில்லை. பந்து விழுந்த ஊருக்குப் போக வேண்டியதுதான். தோற்ற கோஷ்டிக்கு இரங்கும் சட்டம், ஆடப்போகிற பையனின் இஷ்டத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சம்பளம் ஏராளம் என்பது வாஸ்தவமே. அதனால் இஷ்டம் கேட்கக் கூடாதென்று ஆகிவிடுமா?

யாருக்கு யார் லாபம் என்று அன்றே அபிப்பிராயம் சொன்ன நிபுணர்களைப் பற்றி அதிகம் பேசவேண்டாம். 1984-ல் மைக்கேல் ஜார்டன் மூன்றாவதாகத்தான் எடுக்கப்பட்டார். 2014-ல் நிகோலா யோகிச்சின் பெயர் 41-ஆவதாக வந்தபோது, தொலைக்காட்சியில் ஏதோ தின்பண்ட விளம்பரம் ஓடிக் கொண்டிருந்தது!

நம் பையன் டல்லாஸ் அபிமானியானதும் ஒரு டிராப்ட்டில்தான். 2015-ல் பஞ்சாபில் பல்லோகே கிராமத்து விவசாயியின் மகன் சத்னாம் சிங்கை அந்தக் கோஷ்டி 52-ஆவதாக எடுத்தது. பாரதத்தில் பிறந்தவர் ஒருவர் அவ்விதம் தெரிந்தெடுக்கப்பட்டது அதுவே முதல் தடவை. ஏழடி இரண்டு அங்குல உயரம்! எட்டு வயதுப் பயல் அன்று சுவரில் உயரத்தைக் கோடு போட்டுப் பார்த்தான். எட்டாமல் நாற்காலி மேல் ஏறினான். சத்னாம் அந்தச் சங்கத்தின் பந்தயம் ஒன்றிலும் இறங்காமலே திரும்பினார். கோடு மட்டும் நம் கூடத்துச் சுவரில் இருக்கிறது.

"இனி பிளாக் சட்டை வாங்கவேண்டுமாக்கும்?" என்று நாம் கேட்டோம். பையன் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்துக் கொல்லைப்புறம் போனபோது, துணிக் கொடியில் 77-ஆம் நம்பர் சட்டை நனைத்துப் பிழிந்து உலர்த்தியிருந்தது.